சுற்றுலாப் படங்களை ஹால் சுவரில் மாட்ட ஆசை: எதை, எந்த அளவில், எதில் போடுவது?

மாந்தோப்பு வீடு, காவேரிப்பட்டணம்:

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் வீடு கட்டி, தையில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவர் மட்டும் இன்னும் வெறுமையாக நிற்கிறது. நீளம் 14 அடி, உயரம் 10 அடி, தந்த நிற பெயிண்ட். கடையில் விற்கும் ஏழு குதிரைப் படத்தை மாட்டச் சொல்லிப் பலரும் சொன்னார்கள். நாங்கள் குடும்பமாகப் போய்வந்த ஊர்களில் எடுத்த படங்களையே மாட்ட வேண்டும் என்பது என் ஆசை.

படங்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. 2003 கோடை விடுமுறையில் ராமேஸ்வரம் போனது ஃபிலிம் கேமராவில் எடுத்தது. மேக்ஸி சைஸ் (4க்கு 6 அங்குலம்) பிரிண்ட் ஆல்பத்தில் இருக்கிறது, நெகட்டிவ் கவர் பீரோவில் இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் படங்களை வீட்டுக்காரர் டிஜிட்டல் கேமராவில் எடுத்து சிடியில் போட்டு வைத்திருக்கிறார். போன ஐப்பசியில் ஒகேனக்கல் போனது கொழுந்தனாரின் போனில். அது எனக்கு வாட்ஸ்அப் குரூப் வழியாகத்தான் வந்தது.

மனசில் இருக்கும் படங்களைச் சொல்கிறேன். பாம்பனில் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் எட்டிப் பார்க்க, கீழே ரயில் ஊர்ந்து போகிற படம் ஒன்று. ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்து எல்லோரும் அருவியை அண்ணாந்து பார்க்கிற படம் ஒன்று. தொங்குபாலத்தருகில் 14 பேரும் வரிசையாக நின்ற படம். ஊட்டி ரயில் ஜன்னலில் என் மகள். அப்புறம், தனுஷ்கோடியில் என் மாமியார் கணுக்கால் தண்ணீரில் நிற்கிற படம். ஒரு கையில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், இன்னொரு கையில் இரண்டு செருப்பு. ராயக்கோட்டைப் பக்கம் மானாவாரி நிலத்திலேயே வளர்ந்தவர், அன்றைக்குத்தான் முதன்முதலில் கடலைப் பார்த்தார். அந்த முகத்தில் பயமும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த படம் அதுதான்.

கொழுந்தனார், நாற்பது படத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஃப்ளெக்ஸாக அடித்து ஒட்டிவிடலாம் என்கிறார். செலவும் குறைவுதான். ஆனால் காதுகுத்து பேனர் போல ஆகிவிடுமே என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. மாமியாரோ, “உசுரோட இருக்கிறவளுக்கு எதுக்கும்மா தனியாப் பெரிய படம்?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எத்தனை படம் போடலாம்? பெரிதாக்கினால் தெளிவு போய்விடுமா? கேன்வாஸா, கண்ணாடி போட்ட பிரேமா? மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் வலது ஓரச் சுவரில் விழும், அதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


ஓசூர் கேமரா:

அக்கா, ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம். தூரத்தில் நின்று பார்க்கிற பேனருக்காக வந்த சமாச்சாரம் அது. முகங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெயில் படுகிற இடத்தில் சீக்கிரம் வெளுத்தும் போகும்.

நெகட்டிவ் கவரைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அது பெரிய விஷயம். பிரிண்டை ஸ்கேன் செய்வதைவிட நெகட்டிவை ஸ்கேன் செய்தால் விவரம் அதிகம் கிடைக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் ஸ்டூடியோ கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், மேக்ரோ லென்ஸ் போட்ட கேமராவிலேயே எடுக்கும் முறை இருக்கிறது.


தருமபுரி பிரேம் கடை:

சகோதரி, நான் தருமபுரியில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட ஆரம்பித்த கடை. உங்கள் கேள்வியைப் படித்ததும் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் ஆசையோடு படம் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் பலருக்கும் இதையெல்லாம் முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை.

முதலில் எத்தனை படம் என்பது. மூன்று போதும். சுவர் வேறு, ஆல்பம் வேறு. ஆல்பத்தில் நாற்பது படமும் இருக்கலாம், ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்போம். சுவரில் இருப்பதை நடந்துபோகும்போதும், காபி குடிக்கும்போதும், விருந்தாளி வந்து உட்காரும்போதும் பார்க்கிறோம். பத்தடி தள்ளி நின்றாலும் அந்தப் படம் பேச வேண்டும். இதைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. போனில் கேலரியைத் திறந்தால் எல்லாப் படமும் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரியுமே, அந்த அளவில் பாருங்கள். யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று அப்போதே பிடிபட்டால் அது சுவருக்கு ஏற்ற படம். விரலால் பெரிதாக்கித்தான் முகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அது ஆல்பத்துப் படம்.

அந்தக் கணக்கில் 14 பேர் வரிசையாக நிற்கிற படம் ஹாலுக்குச் சரிவராது. 18 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினாலும் ஒரு முகம் ஓர் அங்குலம்கூட வராது. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். 8க்கு 12 போட்டு, படிக்கட்டுத் திருப்பத்திலோ ரூமுக்குப் போகும் வழியிலோ, ஆள் பக்கத்தில் நின்று பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள். அங்கே நின்று ஒவ்வொருவராக விரல் வைத்துப் பேர் சொல்வார்கள்.

பாம்பன் படத்தைக் கண்டிப்பாகப் போடுங்கள். நீங்கள் சொல்வது 2003. அப்போது அந்தப் பாலத்தில் மீட்டர்கேஜ் ரயில்தான் ஓடியது. 2007ல் அகலப் பாதை ஆனது. 1914ல் திறந்த அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலும் நின்றுபோய், 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். உங்கள் பிள்ளைகள் எட்டிப் பார்த்த அந்தக் காட்சியை இனி எத்தனை விலை கொடுத்தாலும் யாராலும் எடுக்க முடியாது. அருவியையோ மலையையோ மட்டும் எடுத்த படம் கடையிலேயே கிடைக்கும். அந்த இடத்தில் உங்கள் ஆட்கள் ஏதோ செய்துகொண்டிருக்கிற படம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். கேமராவைப் பார்த்து நிற்காத படத்தையே நான் எப்போதும் முதலில் எடுத்து வைப்பேன்.

தனுஷ்கோடிப் படமும் அப்படித்தான். 2017ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறப்பதற்கு முன்னால் வேனில் மணலுக்குள் குலுங்கிக் குலுங்கித்தான் போக முடியும். நீங்கள் அப்படிப் போனவர்கள்.

அடுத்தது கோப்பு. பாதிப் படங்கள் கெடுவது இங்கேதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். நீளப்பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிதான் மிஞ்சும். கொழுந்தனார் போனில் இருக்கும் அசல் 12 மெகாபிக்சல் படம் என்றால் நீளப்பக்கம் 4000 புள்ளிக்கு மேல் இருக்கும். 24 அங்குலத்துக்குப் பெரிதாக்கும்போது அசலில் அங்குலத்துக்கு 168 புள்ளி கிடைக்கும், வாட்ஸ்அப் படத்தில் 67தான். கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு 300 வேண்டும். சுவரில் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 இருந்தால் போதும். 67 என்றால் கண், மூக்கு எல்லாம் கரைந்து தெரியும். அதனால் அவரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஊட்டி சிடியையும் உடனே காப்பி எடுத்துவிடுங்கள். பழைய சிடி எப்போது படிக்காமல் போகும் என்று சொல்ல முடியாது, சிடி போடுகிற லேப்டாப்பும் இப்போது அரிது.

தெளிவு போதாத படத்தைச் சரிசெய்கிறேன் என்று முகத்தைக் கூர்மையாக்கும் ஆப்கள் நிறைய வந்துவிட்டன. தயவுசெய்து உங்கள் அத்தை படத்தை அதில் போடாதீர்கள். இல்லாத கண்ணிமையை வரைந்து, இருக்கிற சுருக்கத்தை வழித்துவிடும். தூரத்தில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், பக்கத்தில் போனால் வேறு யாரோ நிற்பார்கள். பழைய படத்தில் மணல்மணலாக இருந்தாலும் பரவாயில்லை, அது அவர் முகம். ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருந்தால் அதையும் அழிக்க வேண்டாம்.

சரி, அளவு. போன் படம் 4க்கு 3 என்ற கணக்கில் இருக்கும். ஃபிலிம் படம் 3க்கு 2. கடையில் எல்லோரும் வாய்க்கு வந்தபடி 12க்கு 18 என்று சொல்லிவிடுவார்கள். அது ஃபிலிம் படத்துக்கு அச்சாகப் பொருந்தும். போன் படத்தை 18 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் பதின்மூன்றரை வரும். தாளோ 12தான். மேலே முக்கால், கீழே முக்கால் அங்குலம் வெட்டுப்படும். நின்று எடுத்த படத்தில் அந்த முக்கால் அங்குலத்தில் ஒருவர் தலை போயிருக்கும். போன் படத்துக்கு 12க்கு 16, அல்லது 18க்கு 24 என்று கேளுங்கள். முழுப்படமும் அப்படியே வரும்.

உங்கள் சுவருக்கு நான் சொல்வது இது. நடுவில் பரிசல் படம், அகலம் 24, உயரம் 18. இரண்டு பக்கமும் பாம்பனும் தனுஷ்கோடியும், நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டும் நிமிர்ந்த படமாகத்தான் இருக்கும், 12க்கு 18. மூன்றுக்கும் சுற்றிலும் 2 அங்குலம் வெள்ளை மவுண்ட் (படத்துக்கும் பிரேமுக்கும் நடுவில் வரும் அட்டை), ஓர் அங்குல பீடிங் (பிரேமின் சட்டம்). இப்படிச் செய்தால் மூன்றின் உயரமும் ஒன்றுபோல 24 அங்குலத்துக்குள் வந்துவிடும். நடுவில் மூன்று மூன்று அங்குலம் இடைவெளி விட்டால் மொத்த அகலம் ஏறக்குறைய 6 அடி. மூன்று பேர் உட்காரும் சோபா பொதுவாக 7 அடிக்குள் இருக்கும், அதற்கு மேலே கச்சிதமாக நிற்கும். வலது ஓரத்தில் வெயில் விழுகிறது என்றீர்களே, அந்தப் பக்கத்தைக் காலியாகவே விடுங்கள். எந்தத் தாளாக இருந்தாலும் நேர்வெயில் தினமும் பட்டால் நிறம் இறங்கத்தான் செய்யும்.

கேன்வாஸா, பிரேமா? கேன்வாஸில் கண்ணாடி இல்லாததால் எதிர் ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று அடிக்காது, எடையும் குறைவு. ஆனால் துணியைக் கட்டையில் சுற்றி மடிக்கும்போது நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே போய்விடும். பரிசல் விளிம்பு படத்தின் ஓரம் வரை வந்திருந்தால் அது பக்கவாட்டில் மடிந்துபோகும். ஈரத்துணி வைத்துத் துடைக்கவும் முடியாது. காற்றடித்தால் புழுதி உள்ளே வரும் நம் ஊர் வீட்டுக்குக் கண்ணாடி போட்ட பிரேம்தான் என் தேர்வு. தாள் பளபளப்பில்லாத மேட் வகையாக இருக்கட்டும்.

மவுண்ட் அழகுக்கு மட்டும் வைப்பதில்லை. போட்டோ கண்ணாடியில் நேராகப் பட்டுக்கொண்டிருந்தால் ஈரக் காலத்தில் ஒட்டிக்கொள்ளும். பல வீடுகளில் கல்யாணப் படம் அப்படித்தான் பாழாகிறது. ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட படம் எதையாவது ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

விலையைப் பற்றி: பீடிங்கை ஓட்ட அடிக் கணக்கில் போடுவோம். நீங்களே வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு வரலாம். 12க்கு 18 படத்துக்கு மவுண்டோடு 16க்கு 22. நான்கு பக்கமும் கூட்டினால் 76 அங்குலம். மூலையைச் சாய்த்து வெட்டுவதில் ஓர் அங்குல பீடிங்குக்கு 8 அங்குலம் கூடுதலாகப் போகும். ஆக 84, அதாவது 7 அடி. நடுப்படத்துக்கு இதே கணக்கில் 9 அடி. மூன்றுக்கும் சேர்த்து 23 அடி. பீடிங் அகலமாக அகலமாக மூலைச் சேதாரமும் கூடும். கண்ணாடி, மவுண்ட், பின் அட்டை தனி. இதைத் தெரிந்துகொண்டு போனால் எந்தக் கடையிலும் தைரியமாகப் பேசலாம்.

பிரிண்டுக்குக் கொடுக்கும்போது லேபில் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: முகத்தை வெளுக்க வேண்டாம். கேட்காமலேயே வெளுத்துவிடுவார்கள். ஐப்பசியில் எடுத்த படம் என்கிறீர்கள், காவிரி செம்மண் கலந்து ஓடியிருக்கும். அதை நீலமாக்கிவிட்டால் அது ஒகேனக்கல்லே இல்லை. போன் திரையில் தெரிகிற பளபளப்பு தாளில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அப்படித்தான் வரும். அதில் இருட்டாகத் தெரிந்தால் கொஞ்சம் தூக்கச் சொல்லலாம். பெரிய பிரிண்டுக்கு முன்னால், முகம் இருக்கும் பகுதியை மட்டும் அதே பெரிய அளவில் ஒரு சின்னத் தாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.


மாந்தோப்பு வீடு:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. கொழுந்தனாரிடம் கேட்டு டாக்குமெண்டாக வாங்கிவிட்டேன். குரூப்பில் வந்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அசல் படத்தில் என் நாத்தனார் கன்னத்தில் இருக்கும் நீர்த்துளிகூடத் தெரிகிறது. குரூப் படத்தில் அது வெறும் வெள்ளைத் தீற்றலாக இருந்தது. பரிசல்காரர் துடுப்பைப் பிடித்திருக்கிற விரல்கள், லைஃப் ஜாக்கெட்டில் அழிந்துபோன எண், எல்லாம் இருக்கிறது.

ஓசூர் தம்பி, நெகட்டிவ் எடுக்கும் முறையைக் கொஞ்சம் சொல்லுங்கள். என் தம்பியிடம் நல்ல கேமரா இருக்கிறது.

அத்தை விஷயத்துக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. அவர் மனசை வருத்தி மாட்ட எனக்கு இஷ்டமில்லை.


ஓசூர் கேமரா:

அக்கா, நெகட்டிவைக் கையால் தொடும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள், முடிந்தால் மெல்லிய காட்டன் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஊதும் பம்பால் தூசியைத் தட்டிவிட வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் படும். ஒரு டேப்லெட்டில் முழு வெள்ளைத் திரையை வைத்து, அதற்கு மேலே நான்கைந்து அங்குல உயரத்தில் நெகட்டிவ் நிற்கும்படி அட்டையில் சட்டம் வெட்டி வையுங்கள். திரைக்கு மேலேயே வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். கேமரா ஸ்டாண்டில் நேர்கீழாகப் பார்க்க வேண்டும், ஃபிலிமுக்கும் லென்ஸுக்கும் சாய்வு இருக்கக் கூடாது. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ரா கோப்பாக (கேமரா மாற்றம் செய்யாமல் பதிவுசெய்யும் கோப்பு) எடுத்து, படம் விழாத ஓரத்தின் ஆரஞ்சு நிறத்தை வைத்து வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) செய்துவிட்டு, அப்புறம் நிறத்தைத் தலைகீழாக்கினால் படம் வந்துவிடும். முதல் தடவை நிறம் கொஞ்சம் பச்சையாகவோ நீலமாகவோ வரும். ஆல்பத்துப் பிரிண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிசெய்யச் சொல்லுங்கள்.

இது முடியாவிட்டால் பிரிண்டையே 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி கணக்கில், ஸ்கேன் செய்யுங்கள். மேக்ஸி சைஸுக்கு 2400க்கு 3600 புள்ளி கிடைக்கும், 12க்கு 18 போட அது தாராளம்.

முழு பிரேமையும் எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து லேப் மெஷின்கள் பிரிண்ட் போடும்போது ஓரத்தில் கொஞ்சம் வெட்டித்தான் போடும். நெகட்டிவில் ஆல்பத்துப் படத்தைவிடக் கூடுதலாக இருக்கும்.


பாலக்கோடு டீச்சர்:

உங்கள் அத்தை சொன்னதைப் படித்ததும் எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவரும் இதையேதான் சொன்னார். நம் வீடுகளில் ஒருவர் மட்டும் இருக்கிற பெரிய படம் என்றால் அது மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றுகிற படம்தான். சின்ன வயசிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியவர்களுக்குத் தன் முகத்தை அந்த இடத்தில் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது, அந்தச் சங்கடம் நிஜம்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், அம்மாவுடைய படத்தைப் பேரப்பிள்ளைகள் படங்களுக்கு நடுவில், மற்றவற்றின் அதே அளவில் போட்டோம். கலரில்தான் போட்டோம். கறுப்பு வெள்ளையாக்கினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஸ்டூடியோவில் சொல்வார்கள், கேட்காதீர்கள். கறுப்பு பீடிங்கும், மறைந்தவர்கள் படத்துக்குப் போடுகிற தங்கநிறப் பூவேலை பீடிங்கும் வேண்டாம். மெல்லிய மர நிறம் போதும். தாத்தா பாட்டி படங்கள் எந்தச் சுவரில் இருக்கின்றனவோ அந்தச் சுவரை விட்டு விலகி இருக்கட்டும். நிலைப்படிக்கு மேலேயும் மாட்ட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அத்தையை உட்காரவைத்து அந்தப் படத்தைக் காட்டி, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். செருப்பை ஏன் கையில் பிடித்திருந்தார், யார் தண்ணீருக்குள் இறங்கச் சொன்னது, எல்லாம் சொல்வார். சொன்னதைப் பின் அட்டையில் எழுதி வையுங்கள். ஊர், வருஷம், யார் யார், படம் எடுத்தது யார். போட்டோவின் முதுகில் பேனாவால் எழுத வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். இருபது வருஷம் கழித்து அந்த பிரேமைக் கழற்றுகிற பேரப்பிள்ளைக்கு அந்த நான்கு வரி மிகவும் உதவும்.


வாடகை வீட்டுக்காரன், பென்னாகரம் ரோடு:

நானும் இதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எங்கள் வீட்டு உரிமையாளர் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்கிறார். ஒட்டுகிற டேப் கொக்கிகள் தாங்குமா?


தருமபுரி பிரேம் கடை:

டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ அடித்த சுவரில் தாங்காது தம்பி. ஒட்டு பிடித்திருக்கும், சுவரின் மேல்பூச்சு உரிந்து பிரேமோடு கீழே வரும். கண்ணாடி போட்டது என்றால் ஆபத்து. ஷோகேஸ் மேலேயோ மேஜை மேலேயோ சுவரில் சாய்த்து வையுங்கள், கீழே வழுக்காமல் ரப்பர் துண்டு ஒட்டிவிடுங்கள். பெரிய படம் ஒன்று, அதற்கு முன்னால் கொஞ்சம் மறைத்தபடி சின்னது ஒன்று வைத்தால் அதுவே அழகாக இருக்கும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டால் எடையும் குறையும்.


மாந்தோப்பு வீடு:

எல்லோருக்கும் ஒரு நல்ல சேதி. டீச்சர் சொன்னபடி அத்தையிடம் கேட்டேன். தண்ணீருக்குள் இறங்கச் சொன்னது மாமாதானாம். செருப்பை அலை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று யாரோ சொல்ல, கையில் எடுத்துக்கொண்டாராம். ஆனாலும் தனிப் படம் வேண்டாம் என்பதில் உறுதியாகத்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்து நெகட்டிவை எடுத்துக் கொடுத்தான். ஓசூர் தம்பி சொன்னது அப்படியே நடந்தது. ஆல்பத்துப் படத்தில் இல்லாத ஓரம் நெகட்டிவில் இருக்கிறது. அத்தைக்கு இடதுபக்கம், படத்தின் விளிம்பில், ஒரு கையும் பச்சை வயர்கூடையும். கையில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்ததுமே அத்தை கண்டுபிடித்துவிட்டார், அது மாமாவுடைய கை. மடித்துக் கட்டிய வேட்டியின் முனையும் கொஞ்சம் தெரிகிறது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் என் தம்பியின் லேப்டாப்பை விட்டு நகரவே இல்லை. அந்தக் கூடையில் ராயக்கோட்டையிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோறு இருந்ததாம். “இவரும் இருக்காருல்ல, அப்பச் சரி, மாட்டு” என்று சொல்லிவிட்டார்.

அதனால் வெட்டாமல் முழு நெகட்டிவும் வரும்படி 12க்கு 18 போடப்போகிறேன். தேதியும் இருக்கட்டும்.

இனி மாட்டுவது பற்றி மட்டும் சொல்லுங்கள். புதுச் சுவர், டிரில் போடப் பயமாக இருக்கிறது. என்ன உயரம்? எங்கள் ஊரில் எல்லோரும் லிண்டல் மட்டத்துக்கு மேலே மாட்டிக் கொஞ்சம் முன்னால் சாய்த்து விடுகிறார்கள்.


ஓசூர் கேமரா:

சாமி படமும் முன்னோர் படமும் அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவதற்காக உயரத்தில் மாட்டுவது. இந்தப் படங்கள் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் வந்தால் நிற்கிறவர் கண்ணுக்குச் சரியாக இருக்கும். சோபாவுக்கு மேலே என்பதால் முதுகுச் சாய்மானத்துக்கும் பிரேமின் அடிப்பகுதிக்கும் 6 முதல் 8 அங்குலம் இடைவெளி விடுங்கள், தலை இடிக்காது.

டிரில் எடுப்பதற்கு முன்னால், மூன்று பிரேமின் அளவுக்கும் நியூஸ் பேப்பரை வெட்டி மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். உட்கார்ந்து பாருங்கள், வாசலில் நின்று பாருங்கள். ஓர் அங்குலம் தள்ள வேண்டும் என்று தோன்றினால் பேப்பரைத் தள்ளிக்கொள்ளலாம். ஆணி எங்கே வரவேண்டும் என்பதையும் பேப்பரிலேயே குறித்துக்கொண்டு, அதன் மேலேயே துளை போடலாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே மட்டும் துளை போடாதீர்கள், உள்ளே வயர் பைப் போகும்.


தருமபுரி பிரேம் கடை:

மாமா கை கிடைத்தது ரொம்ப சந்தோஷம் சகோதரி. அந்த பிரேமுக்கு மவுண்ட் வெட்டும்போது கூடை இருக்கும் ஓரத்தை மவுண்ட் மறைத்துவிடாமல் பார்க்க வேண்டும். மவுண்ட் படத்தின் மேல் எல்லாப் பக்கமும் ஒரு நூல் அளவாவது ஏறி உட்காரும். பிரிண்ட் போடும்போதே சுற்றிலும் கால் அங்குலம் வெள்ளை விட்டுப் போடச் சொல்லுங்கள், அப்போது படத்தில் ஒன்றும் மறையாது.

மாட்டுவதற்கு 6 எம்எம் பிட், பிளாஸ்டிக் கிரிப், திருகு. வெறும் ஆணியைச் சுத்தியலால் அடித்தால் பூச்சு பெயர்ந்து வரும். பெரிய பிரேமுக்கு இரண்டு இடத்தில் கொக்கி போடுங்கள், ஒரு பக்கமாகச் சாயாது.

புது வீடு என்பதால் இன்னொன்று. பூச்சில் இருக்கும் ஈரம் முழுசாகக் காய மாதக்கணக்கில் ஆகும். பிரேமின் பின்பக்கம் நான்கு மூலையிலும் கார்க் துண்டோ ரப்பர் பட்டனோ ஒட்டிவிட்டால் சுவருக்கும் அட்டைக்கும் நடுவில் காற்று போகும், பூஞ்சை வராது. பின் அட்டையைச் சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டி இடுக்கே இல்லாமல் அடைக்கச் சொல்லுங்கள், பூச்சி உள்ளே போகாது. பின்னால் பல்லி குடியிருக்கத்தான் செய்யும், மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டிவிடுங்கள். கரையான் தொந்தரவு இருக்கிற இடமென்றால் மர பீடிங்குக்குப் பதில் ஃபைபர் பீடிங் போடலாம். மர நிறத்திலேயே கிடைக்கிறது.

கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தை நேராகக் கண்ணாடியில் அடிக்காதீர்கள். வழிந்து கீழ்ப்பக்க இடுக்கு வழியாக மவுண்டுக்குள் இறங்கிக் கறை பிடிக்கும். துணியில் நனைத்துத் துடைத்தால் போதும்.

கடையிலிருந்து காரில் எடுத்துப் போகும்போது படுக்கப்போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். கண்ணாடியும் கண்ணாடியும் பார்க்கிற மாதிரி, நடுவில் பெட்ஷீட்டை மடித்து வைத்து, பின்சீட்டில் நிமிர்த்தி நிறுத்துங்கள். மூன்றாவதை முன்சீட்டில் இருப்பவர் மடியில் வைத்துக்கொண்டால் போதும், தருமபுரியிலிருந்து காவேரிப்பட்டணம் ஒன்றும் அதிக தூரமில்லை.